எந்தச் சிப்புக்கு எந்த மொழி, எந்தக் கம்பைலர்? கேள்வி பதில்

கேள்வி: பைத்தான் நன்றாக வரும், சி தெரியாது. ஆர்டுயினோ ஊனோவில் மைக்ரோபைத்தான் ஓடுமா சார்?

பதில்: ஓடாது. ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் ஃபிளாஷ் (நிரல் தங்கும் நினைவகம்) 32 கேபி, ரேம் (ஓடும்போது பயன்படும் நினைவகம்) வெறும் 2 கேபி. சிறு சிப்புகளுக்கான பைத்தானான மைக்ரோபைத்தானுக்குக் குறைந்தது 256 கேபி ஃபிளாஷும் 16 கேபி ரேமும் வேண்டும். ராஸ்பெரி பை பிக்கோ வாங்குங்கள். ரேம் 264 கேபி, ஃபிளாஷ் 2 எம்பி. சென்சார் படிக்க, ரிலே போட அது தாராளம். மைக்ரோ செகண்ட் கணக்கில் பின்னை ஆட்டும் வேலைக்கு மட்டும் பைத்தானை நம்பாதீர்கள். வேண்டாத நினைவகத்தைக் காலி செய்யும் கார்பேஜ் கலெக்டர் நடுவில் புகுந்தால் சில மில்லி செகண்ட் போய்விடும். அந்தப் பகுதியை பிக்கோவில் பின்களைத் தனியாக இயக்கும் பிஐஓ என்ற வன்பொருளிடம் விட்டுவிடலாம்.

கேள்வி: ரிலேயை 1 நிமிடம் ஆன் செய்ய, ஊனோவில், காத்திருக்கச் சொல்லும் டிலே கட்டளைக்குள் 60*1000 என்று கொடுத்தேன். ஆன் ஆனது அணையவே இல்லை. கம்பைலரில் கோளாறா?

பதில்: கம்பைலர் பாவம், நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றித் தருவதுதான் அதன் வேலை. ஊனோவில் இன்ட் (முழு எண் வகை) 16 பிட். 32767-க்கு மேல் கொள்ளாது. 60000 அதற்குள் அடங்காமல் -5536 ஆகிவிடுகிறது. டிலே அதை 32 பிட் அன்சைன்டாக (குறை எண் இல்லாத வகையாக) வாங்கும்போது 4294961760 மில்லி செகண்ட், கிட்டத்தட்ட 50 நாள்! 60-ஐ ஒட்டி யூ, எல் என்ற இரண்டு எழுத்தைப் போடுங்கள், பெருக்கல் 32 பிட்டில் நடக்கும். இதே வரி ஈஎஸ்பி32-இல் ஒழுங்காக ஓடும், ஏனென்றால் அங்கே இன்ட் 32 பிட். போர்டு ஆன் ஆனதிலிருந்து ஓடிய மில்லி செகண்டைச் சொல்லும் மில்லிஸ் மதிப்பை இன்ட்டில் வைப்பவர்களுக்கும் 32 விநாடி தாண்டியதும் இதே கதிதான். நிரல் எழுதும் மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇ-யின் ப்ரிஃபரன்ஸில் கம்பைலர் வார்னிங்ஸை 'ஆல்' என்று மாற்றிவிட்டால், இந்த 60*1000 வரியை அதுவே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: புது ஏடிடைனி85 சிப், ஏவிஆர்-ஜிசிசி கம்பைலர். 1 விநாடி டிலே 8 விநாடி ஓடுகிறது.

பதில்: புதுச் சிப் தன் 8 மெகாஹெர்ட்ஸ் உள் கடிகாரமான ஆஸிலேட்டரை 8-ஆல் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். சிப்பின் வேகத்தைக் கம்பைலருக்குச் சொல்லும் எஃப்_சிபியூ-வில் 8000000 என்று எழுதியிருப்பீர்கள், 1000000 ஆக்குங்கள். முழு வேகம் வேண்டுமென்றால் சிப்பின் கடிகார அமைப்பை வைத்திருக்கும் லோ ஃப்யூஸை ஹெக்ஸ் 62-இலிருந்து ஈ2 ஆக்குங்கள். கைதவறி வெளிக் கிரிஸ்டலுக்கு மாற்றிவிட்டால், கிரிஸ்டல் வைக்கும்வரை சிப், நிரலை ஏற்றும் புரோகிராமர் கருவிக்குப் பதில் சொல்லாது. கம்பைல் செய்யும்போது கோடைச் சுருக்கி வேகமாக்கும் ஆப்டிமைசேஷனை அணைத்து வைக்காதீர்கள், டிலே கணக்கே தப்பிவிடும்.

கேள்வி: காலேஜ் புராஜெக்ட், 8051 சிப். கீல் கம்பைலரா, எஸ்டிசிசி கம்பைலரா?

பதில்: கீலின் இலவசப் பதிப்பு 2 கேபி கோடுக்கு மேல் ஏற்காது. அதற்குள் முடியுமென்றால் கீல். தாண்டினால் எஸ்டிசிசி, அதில் வரம்பு இல்லை. ஆனால் கீலில் எழுதியது அப்படியே கம்பைல் ஆகாது. ஒற்றை பிட்டுக்குப் பெயர் வைக்கும் எஸ்பிட் வரிகளையும், குறுக்கீட்டைக் கையாளும் இன்டரப்ட் வரிகளையும் மாற்றி எழுத வேண்டும்.

கேள்வி: நேரடியாக ரஸ்ட் மொழியில் தொடங்கலாமா?

பதில்: எஸ்டிஎம்32 சிப், ஆர்பி2040 (பிக்கோவின் சிப்) என்றால் தாராளமாக. ஏவிஆர் (ஊனோ, ஏடிடைனி வகைச் சிப்புகள்) வேண்டாம், நைட்லி (தினசரி வரும் சோதனைப் பதிப்பு) கம்பைலரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எதில் எழுதினாலும் சியைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். சிப் கம்பெனிகள் தரும் மாதிரி நிரல்கள் பெரும்பாலும் சியில்தான் இருக்கின்றன.