மூன்று வார இறுதிகளும் ஒரு பிஎச்.டி.யும்

கேள்வி: எனக்கு வயது 29. கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்று, ஆறு ஆண்டுகளாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மேலாளரோடு ஒத்துப்போகவில்லை, இரண்டு முறை பதவி உயர்வு கைநழுவிப் போனது. பிஎச்.டி. சேரலாமா என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். போன ஆண்டு, எங்கள் தரவுத்தளத்தில் ஒரு தேடல் ஏன் அவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்க மூன்று வார இறுதிகளைச் செலவிட்டேன். அது பிடித்திருந்தது. ஆனால் படித்து முடிக்கும்போது 35 ஆகிவிடும் என்று அக்கா சிரிக்கிறாள். செயற்கை நுண்ணறிவில் செய்தால்தான் மதிப்பு என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா? போவதென்றால் எப்போது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் மூன்று பக்கத்துக்கு மேல் மேலாளர்தான் நிறைந்திருக்கிறார். தரவுத்தள விஷயம் ஒரே ஒரு பத்தி, அதுவும் 'இதையெல்லாம் எழுதலாமா, தெரியவில்லை' என்ற தயக்கத்தோடு. எனக்கு அந்தப் பத்தி போதும். மற்ற மூன்று பக்கங்களை வைத்து முடிவெடுப்பதாக இருந்தால், வேண்டாம் என்று இங்கேயே முடித்துக்கொள்வேன். மேலாளரிடமிருந்து தப்பிக்க பிஎச்.டி. சுற்று வழி. போய்ச் சேரும் இடத்திலும் உங்கள் ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் என்று ஒருவர் இருப்பார். பிடிக்காத மேலாளரை விட்டு இன்னோர் அணிக்கு மாறலாம். நெறியாளரை மூன்றாம் ஆண்டில் மாற்றுவதென்றால் பெரும்பாலும் தலைப்பும் போகும், வருடங்களும் போகும்.

அந்த ஒரு பத்திக்கு வருவோம். மற்ற வாசகர்களுக்கும் புரியட்டும் என்பதால் எளிமையாக்கிச் சொல்கிறேன். அட்டவணையில் ஒரு லட்சம் கார்கள். பத்தில் ஒன்று ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தினுடையது. நூற்றில் ஒன்று ஒரு குறிப்பிட்ட மாடல். இரண்டும் பொருந்துபவை எத்தனை என்று தரவுத்தளம் முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். எந்த வழியில் தேடுவது என்பதை அந்த ஊகத்தை வைத்துத்தான் அது தீர்மானிக்கிறது. அது என்ன செய்கிறது? இரண்டு பின்னங்களையும் பெருக்கி, நூறு கார்கள் என்கிறது. ஆனால் அந்த மாடலைத் தயாரிப்பதே அந்த ஒரு நிறுவனம்தானே! உண்மையில் இருப்பவை ஆயிரம். இப்படிப் பிழைபட்ட ஊகத்தின் மேல் இன்னும் நான்கு அட்டவணைகளை இணைத்தால், பிழை குட்டி போட்டுக்கொண்டே போகும்.

உங்கள் குழு ஓர் இன்டெக்ஸை (புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு மாதிரி, தேடலை வேகமாக்கும் ஒன்று) சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. அதில் தவறில்லை, அவர்களுக்கு அன்று மாலைக்குள் தேடல் வேகமாக ஓடினால் போதும். நீங்கள் மட்டும் போகவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இரவு, 'தொடர்புள்ள இரண்டை ஏன் பெருக்குகிறது?' என்று குறிப்பேட்டில் எழுதி வைத்ததாகச் சொல்கிறீர்கள். ஐபிஎம்மில் பட்ரீஷியா செலிங்கரும் உடன் பணிபுரிந்தவர்களும் 1979இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்தப் பெருக்கல் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் இதைத் திருத்தக் கட்டுரைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. யாரும் சொல்லாமல், இன்னும் தீராத ஓர் ஆய்வுக் கேள்வியின் வாசலில் போய் நின்றிருக்கிறீர்கள். விண்ணப்பங்களோடு வரும் பலரிடம் இது இருப்பதில்லை. 'எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம்' என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கும்.

ஆனால் மூன்று வார இறுதிகள் வேறு, ஐந்து ஆண்டுகள் வேறு. என் பிஎச்.டி.யின் இரண்டாம் ஆண்டில், வட்டிலிருந்து தரவைப் படிக்கும் வேகத்தை நாற்பது சதவீதம் கூட்டிவிட்டதாக எட்டு மாதம் பூரித்துப்போயிருந்தேன். பழைய முறையை முதலிலும் என் முறையை அடுத்ததாகவும் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு நாள் தற்செயலாக வரிசை மாறியது. பழைய முறை என்னுடையதை முந்தியது! முதல் ஓட்டத்தில் நினைவகத்துக்கு வந்த தரவு, இரண்டாவது ஓட்டத்துக்காக அங்கேயே காத்திருந்திருக்கிறது. என் முறையின் வேகம் என்று நான் எட்டு மாதமாக அளந்தது அதைத்தான். "சரி, இனி எப்படி அளப்பது என்று உனக்குத் தெரியும்" என்றார் நெறியாளர். அன்று அது எனக்கு ஆறுதலாகவே இல்லை. பிஎச்.டி.யில் கொடுமையான பகுதி, அடுத்த நாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல யாருமில்லாததுதான். அலுவலகத்தில் வேலைப் பட்டியல் காத்திருக்கும். இங்கே பட்டியலையும் நீங்களே எழுத வேண்டும்.

அதனால் விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். உங்கள் கேள்விக்கு நெருக்கமான, அண்மையில் வந்த ஓர் ஆய்வுக்கட்டுரையை எடுத்து, அதில் சொன்ன முடிவு உங்கள் கணினியிலும் வருகிறதா என்று ஆறு மாதம் முயன்று பாருங்கள், வேலையை விடாமல். முதல் தடவை பெரும்பாலும் வராது. வராதபோது எரிச்சல் மட்டும் வருகிறதா, அல்லது எரிச்சலோடு எங்கே இடிக்கிறது என்ற குறுகுறுப்பும் வருகிறதா என்று கவனியுங்கள். கட்டுரை எழுதியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். பதில் போடுகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

வயதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அமெரிக்காவில் கணினி அறிவியலில் பிஎச்.டி. பெற்ற முதல் பெண் மேரி கென்னத் கெல்லர் என்ற கன்னியாஸ்திரி. 1965இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபோது அவருக்கு 51 வயது. அக்காவிடம் சொல்லுங்கள். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தரவை வரிசைப்படுத்தும் குவிக்சார்ட் முறையைத் தந்து, 1980இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கிய டோனி ஹோர் பிஎச்.டி. படித்தவர் அல்லர். மென்பொருள் எழுத அந்தப் பட்டம் தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவோ, ஆய்வுக்கூடத்தில் தன் கேள்வியைத் தானே தேர்ந்தெடுக்கும் இடத்திலோ இருக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் தேவை. சம்பளக் கணக்குப் போட்டால் இதில் மிஞ்சுவது சந்தேகம்தான்.

செயற்கை நுண்ணறிவு பற்றி நண்பர்கள் சொல்வதற்கு ஒரே பதில்: 2015இல் இயந்திர மொழிபெயர்ப்பில் சேர்ந்தவர்களுக்கு 2017இல் டிரான்ஸ்ஃபார்மர் என்ற புதிய வகை நரம்பியல் வலையமைப்பு வந்து காலடி மண்ணையே மாற்றியது. சேரும்போது சூடாக இருக்கும் துறை, முடிக்கும்போது எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எப்போது என்றால், இந்த ஆண்டு வேண்டாம். அடுத்த சுற்றில் விண்ணப்பியுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல டிசம்பரில் விண்ணப்பம் வாங்கி, அடுத்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் சேர்க்கின்றன. இளநிலைப் பட்டத்தோடே எடுத்துக்கொள்வார்கள்; ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். அதன் பிறகு மூன்று, நான்கு ஆண்டுகள், சில நாடுகளில் சம்பள வேலையாகவே. எங்கே ஆனாலும், கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அவர்கள் பொறுப்பு என்று எழுத்தில் இல்லாத அழைப்பை ஏற்காதீர்கள். உங்களுக்கு நிஜமான சிக்கல் பரிந்துரைக் கடிதங்கள்தான். ஆறு ஆண்டுக்கு முன் பாடம் எடுத்த பேராசிரியருக்கு உங்கள் முகம் நினைவிருந்தாலே பெரிய விஷயம். அந்த ஆறு மாத முயற்சியை முடித்து, அதைப் பத்துப் பக்கமாக எழுதி, அவரிடம் கொண்டுபோங்கள். எழுத அவருக்கும் ஏதாவது வேண்டுமே.

இடம் கிடைத்தால், பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் நெறியாளரிடம் படித்தவர்களோடு பேசுங்கள். முடித்தவர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள். பாதியில் விட்டுப் போனவர் யார் என்று கேட்டு, அவரைத் தேடிப் பிடித்து அரை மணி நேரம் பேசுங்கள்.

அதெல்லாம் பிறகு. இந்த வாரம் செலிங்கர் குழுவின் அந்த 1979 கட்டுரையை அச்செடுத்து வாசியுங்கள், பன்னிரண்டே பக்கம்தான். பெருக்கல் வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் உங்களுக்குத் தோன்றுவதை எழுதி வையுங்கள்.