மேட்ச் நாளில் லாரி எந்த வாசல் வழியாக வரும்? கேள்வி பதில்

சென்னையில் பெரிய போட்டி எது நடந்தாலும் டிக்கெட் கியூ பக்கம் எனக்கு வேலை இருக்காது. லாரி நுழைகிற வாசல்தான் என் இடம். பந்தல் சாமான், ஜெனரேட்டர், சாப்பாடு, கேமரா, வீரர்களின் பைகள், கடைசியில் குப்பை வண்டி என எது, எப்போது, யாரோடு, எந்த வாசலில் வர வேண்டும் என்று திட்டம் போடுவது என் பிழைப்பு. இதைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொன்னேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். எந்த வாசலில் எத்தனை போலீஸ், கேமரா எங்கே என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காட்டாங்குளத்தூரிலிருந்து ஒரு எம்பிஏ மாணவர்: சார், ஒரு பெரிய போட்டிக்குப் பாதுகாப்புத் திட்டம் போட எங்கிருந்து தொடங்குவீர்கள்? எந்த ஆபத்துக்கு எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு பாதிப்பு என்று கட்டம் போட்டுப் பார்க்கிற ரிஸ்க் மேட்ரிக்ஸிலிருந்தா?

மேட்ரிக்ஸ் அப்புறம், தம்பி. முதலில் உள்ளே வரப்போகிற பொருள்களின் பட்டியல். ஒரு டி20 மேட்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிபரப்பு வேன்கள், விளம்பரப் பலகைகள், ஐஸ் பெட்டிகள், கேட்டரிங், டீசல், வாண வேடிக்கைப் பொருள்கள், இரு அணிகளின் கிட், மருத்துவச் சாமான், டி-ஷர்ட் விற்கிற கடைகளின் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெண்டர், அவருக்குக் கீழே இன்னொரு வெண்டர், அவருக்குக் கீழே முந்தைய நாள் ராத்திரி கூப்பிட்டு ஏற்றிய லோடுமேன். அந்த லோடுமேன் யார் என்று மேலே இருக்கிற யாருக்கும் தெரியாது. நம் ஊரில் உண்மையான ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

அதனால் பட்டியலில் பொருள், வண்டி எண், டிரைவர், உடன் வரும் ஆள், வாசல், நேரம் எல்லாம் இருக்க வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், முன்பதிவு செய்யாத டெலிவரி வண்டி எதையும் வளாகத்துக்குள் விடுவதில்லை என்று வைத்திருந்தார்கள். வண்டியை வளாகத்துக்கு வெளியே தனி இடத்தில் சோதித்து, சீல் வைத்து அனுப்புவார்கள். வாசலில் நிற்பவர் சீல் எண்ணையும் நேரத்தையும் பார்த்தால் போதும். இதில் இரட்டை லாபம் உண்டு. லாரியில் ஏதாவது இருந்தாலும் அது கூட்டத்துக்கு நடுவே இருக்காது. வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்காததால், செக்யூரிட்டி அவசரத்தில் ‘சரி, போ’ என்று கைகாட்டும் நிலையும் வராது.

சென்னையில் பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பெரிய லோடு எல்லாம் ராத்திரியில்தான் வரும். இதை எல்லோரும் தொல்லையாகப் பார்ப்பார்கள். எனக்கு இது வசதி. ராத்திரி வந்ததைப் பார்த்து, எண்ணி, மைதானத்தை முழுதும் சோதித்து, விடியற்காலையில் பூட்டிவிடலாம். அதன்பின் வருகிற ஒவ்வொரு வண்டியும் விதிவிலக்கு. விதிவிலக்குக்குக் கையெழுத்துப் போட ஒரே ஒரு ஆள்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் இவரிடம் முடியாதது அவரிடம் முடிந்துவிடும்.

திருவல்லிக்கேணிவாசி: மேட்ச் வந்தால் எங்கள் தெருவை அடைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குப் போக ஆதாரைக் காட்ட வேண்டியிருக்கிறது. மைதானத்துக்குள் சோதித்தால் போதாதா?

போதாது. 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் பிரான்சும் ஜெர்மனியும் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது, மூன்று தற்கொலைக் குண்டுதாரிகளும் மைதானத்துக்கு வெளியேதான் வெடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள், வெளியே ஒருவர் இறந்தார். சேப்பாக்கமோ ஊருக்கு நடுவில் இருக்கிறது. வாலாஜா சாலையிலும் பெல்ஸ் ரோட்டிலும் கூட்டம் நிற்கிற இடமே மைதானத்தின் ஒரு பகுதிதான்.

ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் யார் என்பது மேட்ச் அன்று காலையில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா? வீட்டுக்கு வீடு முன்கூட்டியே பாஸ் கொடுத்தால் தடுப்பில் நிற்கிற காவலருக்கும் பாதி வேலை மிச்சம்.

அயனாவரம் வாசகி: தண்ணீர் பாட்டிலைக்கூட விடுவதில்லை. உள்ளே விற்பதற்காகத்தானே?

மைதானத்தில் வீசி எறிவார்கள் என்பதே முதல் காரணம். 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் செருப்பு பறந்தது. சென்னை அணியின் மீதி உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன.

ஆனால் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்பவர் தண்ணீரைக் கொடுத்தே ஆக வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. விளையாட்டு இல்லை என்றாலும், 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகச நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். வெயிலும் நெரிசலுமாக ஐந்து பேர் இறந்தார்கள். குண்டும் இல்லை, கத்தியும் இல்லை. குடிநீர், நிழல், வெளியேறும் வழி, ரயில் ஆகியவற்றைப் பாதுகாப்பிலிருந்து பிரித்து ‘வசதிகள்’ என்று வேறு ஃபைலில் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பெங்களூரில் 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி மைதான வாசல்களில் 11 பேர் இறந்ததும் நெரிசலில்தான்.

ஆவடியில் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துபவர்: பெரிய ஆர்டர் ஒன்று வரும்போல இருக்கிறது, அண்ணே. கையில் இருப்பதைவிட மூன்று மடங்கு ஆள் கேட்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

லண்டன் 2012 கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். ஜி4எஸ் உலகத்திலேயே பெரிய பாதுகாப்பு நிறுவனங்களில் ஒன்று. பத்தாயிரத்துக்கு மேல் ஆள் தருவதாக ஒப்பந்தம். போட்டி தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, முழு எண்ணிக்கை வராது என்று தெரிந்தது. கூடுதலாக 3,500 ராணுவ வீரர்களை இறக்கினார்கள். காகிதத்தில் தேர்வானவர்களும், பயிற்சி முடித்து, ஐடி கார்டு வாங்கி, எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்களும் ஒரே எண்ணிக்கை இல்லை. அடி விழுந்தது அங்கேதான்.

நம் நாட்டில் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலே செய்ய முடியாது. காவலாளிக்குப் பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் கட்டாயம். மூன்று மடங்கு ஆளுக்கு இதையெல்லாம் முடிக்க உங்களிடம் எத்தனை வாரம் இருக்கிறது? அதைச் சொல்லிவிட்டு ஆர்டரை வாங்குங்கள். சீருடையை மட்டும் வாடகைக்கு எடுத்து ஆளை நிறுத்துகிற கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. காவலாளிக்குச் சாப்பாடு, கழிப்பறை, மாற்று ஆள் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பகல் முழுக்க நின்று பசியோடு இருப்பவர் ராத்திரி எட்டு மணிக்கு எந்தப் பையையும் திறந்து பார்க்க மாட்டார்.

வடபழனி வாசகர்: டீம் பஸ்ஸுக்கு எதற்கு அவ்வளவு கான்வாய்? பந்தாவா?

பந்தாவும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீரர்கள் எளிதாக மாட்டக்கூடிய இடம் சாலைதான். 2009 மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை அணியின் பஸ் மைதானத்துக்குப் போகிற வழியில்தான் தாக்கப்பட்டது. வண்டியை நிறுத்தாமல் ஓட்டிச் சென்ற டிரைவரால் அணி பிழைத்தது. ஆனால் காவலர்கள் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். பாகிஸ்தானுக்கு டெஸ்ட் கிரிக்கெட் திரும்பி வர 2019 டிசம்பர் ஆயிற்று. 2010 ஜனவரியில் அங்கோலாவில் டோகோ கால்பந்து அணியின் பஸ்ஸைச் சுட்டார்கள்.

எனக்கு இவற்றைவிட அதிகமாக உறுத்துவது 2017 ஏப்ரலில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கால்பந்து அணிக்கு நடந்தது. ஹோட்டலிலிருந்து பஸ் கிளம்பியதும் வேலிப் புதரில் ஒளித்திருந்த குண்டுகள் வெடித்தன. செய்தவனுக்கு மதமும் இல்லை, அரசியலும் இல்லை. அந்த கிளப்பின் பங்கு விலை விழும் என்று பந்தயம் கட்டியிருந்தான். அதே ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கியும் இருந்தான். யார் செய்வார்கள் என்று ஊகித்துத் திட்டம் போட்டால் இப்படிப்பட்டவன் தப்பிவிடுவான். வழி, நேரம், பஸ் நிற்கும் இடம் ஆகியவை யாருக்கெல்லாம் தெரியும் என்று பார்ப்பதே மேல். ஹோட்டலில் தோட்ட வேலை செய்பவர் வரை அந்தக் கேள்வி போக வேண்டும்.

மடிப்பாக்கத்தில் செஸ் கற்றுக்கொடுப்பவர்: மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது உங்கள் ஆட்களுக்கு என்ன வேலை? பலகையும் காயும்தானே?

சிரிக்காதீர்கள், செஸ் சுலபமே இல்லை. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, 180க்கும் மேற்பட்ட நாடுகள். தொடக்க விழா நேரு உள்விளையாட்டரங்கில், ஆட்டமோ ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. இத்தனை அணிகளையும் வெவ்வேறு ஹோட்டல்களிலிருந்து தினமும் ஒரே நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஈசிஆரில் ஒரு விபத்து நடந்தால் முக்கிய மாற்றுப் பாதை ஓஎம்ஆர்தான். தாமதமாக வந்தால் ஆட்டமே போய்விடும் விளையாட்டு இது. இங்கே சோதனையில் தேடுவது ஆயுதத்தை மட்டும் இல்லை. ஒரு செல்போன் உள்ளே போனால் அந்தச் சுற்றின் நம்பிக்கையே போயிற்று. பலகையும் காயும் சரியாக வந்து சேர்ந்துவிட்டன, கவலை வேண்டாம்.

அம்பத்தூரிலிருந்து ஒரு தந்தை: என் மகள் துப்பாக்கிச் சுடுதல் வீராங்கனை. விமானத்தில் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தோட்டா நீக்கிய துப்பாக்கி, பூட்டிய பெட்டி, செக்-இன் பை மட்டும். விளையாட்டுத் தோட்டாக்கள் ஒரு பயணிக்குப் பொதுவாக 5 கிலோ வரை. அதைத் துப்பாக்கியோடு சேர்த்து வைக்காதீர்கள். உரிமம், சங்கத்தின் கடிதம், போட்டி அழைப்பு மூன்றும் மகளின் கையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் போங்கள். கவுண்டரில் இருப்பவர் மேலதிகாரியைக் கூப்பிடத்தான் செய்வார்.

தாம்பரம் வாசகி, தடகளப் பயிற்சியாளர்: வீரர்களின் உபகரணங்களுக்கு யார் பொறுப்பு? காணாமல் போனால்?

2008 பெய்ஜிங்கில் பிரேசிலின் ஃபாபியானா மூரெர் கம்பூன்றித் தாண்டும் இறுதிச் சுற்றில் நிற்கிறார், அவருடைய கம்புகளில் ஒன்று காணவில்லை. யாரும் திருடவில்லை, எங்கோ இடம் மாறிவிட்டது. பதக்கமும் போயிற்று. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து, நேரம், போட்டோ. இதில் சோம்பல் கூடாது, மேடம்.

கைமாறுதல் பற்றிய பெரிய பாடம் ஊக்கமருந்து மாதிரிகள்தான். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ஆய்வகச் சுவரில் ஓட்டை போட்டு, ராத்திரியில் ரஷ்ய வீரர்களின் குப்பிகளில் இருந்த சிறுநீரை மாற்றினார்கள். குப்பியைத் தடயமில்லாமல் திறக்க முடியாது என்று நம்பியிருந்தார்கள், பார்வைக்குச் சீலும் சரியாக இருந்தது. அறையில் யார் இருந்தார்கள் என்பதுதான் பிரச்சினை. சென்னையில் எடுக்கிற மாதிரி டெல்லி ஆய்வகம் வரை போகும்போது, குப்பியைத் தூக்கிச் செல்பவர் யார், நடுவில் அது எங்கே வைக்கப்படுகிறது என்று நான் துருவிக் கேட்பது இதனால்தான். சிலருக்கு எரிச்சலாக இருக்கும்.

பழவந்தாங்கல் வாசகர்: ரயிலை நம்பித் திட்டம் போடலாமா?

சேப்பாக்கத்துக்கு ரயிலை விட்டால் கதியில்லை. பக்கத்திலேயே பறக்கும் ரயில் நிலையம், கொஞ்சம் நடந்தால் அரசினர் தோட்டம் மெட்ரோ. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க நாளன்று அதிகாலையில் அதிவேக ரயில் பாதைகளின் சிக்னல் கேபிள்களுக்குத் தீ வைத்தார்கள். மைதானத்துக்கு அருகே இல்லை, ஊருக்கு வெகு தொலைவில், கிராமப்புறங்களில். லட்சக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். ஆகவே ரயில் நின்றால் பஸ் எங்கிருந்து வரும், அதை யார் கூப்பிடுவார் என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும். கூப்பிட வேண்டிய எண் கண்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

குரோம்பேட்டை, ட்ரோன் ஆபரேட்டர்: கல்யாணத்துக்குப் பறக்கவிடுகிறேன், மேட்ச் அன்று என்ன தப்பு?

2021 ட்ரோன் விதிகளின்படி, ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கக் கூடாத இடமாக, 96 மணி நேரம் வரை அறிவிக்க மாநில அரசுக்கும் காவல்துறைக்கும் அதிகாரம் உண்டு. பறக்கவிடுவதற்கு முன் ட்ரோன் மண்டல வரைபடத்தைப் பாருங்கள். வழக்கு வாங்கிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

ராயபுரம் வாசகர்: மழை வந்தால் உங்கள் திட்டமெல்லாம் என்ன ஆகும்?

2023 டிசம்பரில் தீவுத்திடலைச் சுற்றி நடக்க வேண்டிய ஃபார்முலா 4 பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. அப்போதும் முதல் நாள் மழை தாமதப்படுத்தியது. தள்ளிப்போனால் எல்லாப் பாஸ்களும் செல்லாது, புதிதாகக் கொடுக்க வேண்டும். பழைய பாஸ் ஒன்று ஊரில் சுற்றிக்கொண்டே இருக்கும். தேதி பெரிதாக அச்சிட்ட, நிறம் மாற்றிய பாஸ்தான் நான் கேட்பது. க்யூஆர் கோடு நல்லதுதான், ஆனால் 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவின்போது கணினித் தாக்குதலில் வைஃபையும் இணையதளமும் படுத்து, டிக்கெட் அச்சிட முடியாமல் போயிற்று. காகிதப் பட்டியல் ஒன்று வாசலில் இருக்கட்டும்.

பெரம்பூர் வாசகி: மேட்ச் முடிந்ததும் உங்களுக்கு லீவா?

முடிந்த பிறகுதான் திருட்டே அதிகம், மேடம். செப்புக் கேபிள், எல்இடி திரை, வாக்கி டாக்கி, மிச்ச டீசல். எல்லோரும் களைத்திருப்பார்கள், எல்லா வாசலும் திறந்திருக்கும், எந்த லாரி யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே வரும்போது எழுதிய அதே பட்டியலை வெளியே போகும்போதும் சரிபார்க்க வேண்டும். வெளிச் செல்லும் கேட் பாஸ் இல்லாமல் ஒரு டெம்போவும் நகரக் கூடாது. ஒரு வெண்டர் கடைசி பில்லுக்கு வரும்போது பாஸ்களையும் வாக்கி டாக்கிகளையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு முடியும் என்று ஒப்பந்தத்தில் போட்டுவிடுங்கள். பணம் நிற்கிறது என்றால் எல்லாம் தானாகத் திரும்பி வரும்.