இதயத்தைத் தேடிப்போய் மூளையில் நின்ற ஓர் ஆய்வு

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, என் தந்தைக்கு வயது 72. சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அண்மைக் காலமாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார்; பழகிய படித்துறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் தடுமாறி நிற்கிறார். நெஞ்சைத் திறந்ததால்தான் புத்தி மங்கிவிட்டது என்கிறார்கள் உறவினர்கள். இதய நோயையும் அல்சைமர் என்னும் மறதி நோயையும் ஒரே ஆராய்ச்சியாளர் ஆய்வு செய்தார் என்று எங்கோ படித்தேன். இந்த இரண்டுக்கும் அப்படி என்ன உறவு?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உறவினர்களின் வருத்தத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அறுவைக்குச் சம்மதித்த பிள்ளைகள் அந்தப் பேச்சைக் கேட்டுக் குற்ற உணர்வில் வாடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பைபாஸ் முடிந்த சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்கள் வரையிலும்கூட, குழப்பமும் மறதியும் வருவதுண்டு. பெரும்பாலோருக்கு அது தெளிந்துவிடும். பல ஆண்டுகள் கழித்து மெல்ல வரும் மறதி வேறு. பைபாஸ் செய்துகொண்டவர்களையும், அதே அளவு இதயக்குழாய் நோய் இருந்தும் அறுவை செய்துகொள்ளாதவர்களையும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டபோது, நினைவாற்றல் குறைந்த விதத்தில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எனவே, அறுவையைக் காட்டிலும், அறுவையைத் தேவையாக்கிய இரத்தக்குழாய் நோயின் மீதே ஐயம் விழுகிறது. உங்கள் தந்தையை நீங்கள் காப்பாற்றினீர்கள். அதில் வருந்த ஏதுமில்லை.

நீங்கள் படித்த செய்தி ராபர்ட் மேலியைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். நோய்க்குறியியல் கற்ற இந்த அமெரிக்க மருத்துவர், 1970களில் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்து வளர்த்த விலங்குகளின் இரத்தத்தை ஆராய்ந்துவந்தார். கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாத பொருள் என்பதால், இரத்தத்தில் பயணம் செய்ய அதற்குப் புரதங்களின் துணை வேண்டும். அப்படித் துணைபோகும் புரதங்களில் ஒன்று, கொழுப்புணவு கூடக்கூடத் தானும் பெருகுவதை மேலியும் அவருடைய சகாக்களும் கவனித்தனர். இன்று அப்போ-ஈ என்று அழைக்கப்படுவது அதுதான். செல்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைப் பற்றிக்கொண்டு கொழுப்பைச் செல்லுக்குள் சேர்ப்பிப்பது அதன் வேலை. அந்த ஏற்பியைக் கண்டறிந்து, கொலஸ்ட்ரால் உடலில் கட்டுப்படுத்தப்படும் விதத்தை விளக்கியதற்காக மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

1979இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் கிளாட்ஸ்டோன் ஆய்வு நிறுவனம் தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பை மேலி ஏற்றார். அது முழுக்க இதயநோய் ஆய்வுக்கென்றே பிறந்த இடம். அங்கே அவரும் கார்ல் வைஸ்கிராபரும் 1981இல் ஒரு நுணுக்கத்தை வெளியிட்டனர். அப்போ-ஈ, 299 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. மனிதரிடம் அது ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகையாக இருக்கிறது. மூன்றுக்கும் உள்ள வேறுபாடு 112ஆம் இடத்திலும் 158ஆம் இடத்திலும் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பது மட்டுமே. பெரும்பாலோரிடம் இருப்பது ஈ3. ஈ4 உள்ளவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சற்றுக் கூடுதலாக இருப்பதும், மாரடைப்பு வாய்ப்பு ஓரளவு கூடுவதும் பின்னர் தெரியவந்தன.

இதயத்துக்காகத் தொடங்கிய இந்தத் தேடலை மூளைக்குள் இழுத்துச் சென்றதும் அதே புரதம்தான். உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அங்கே இருக்கிறது. இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரால் மூளைக்குள் அப்படியே புகுந்துவிட முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டு, தன்னிடமே சுரக்கும் அப்போ-ஈ மூலம் நரம்பு செல்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. காயம்பட்ட நரம்பைச் சுற்றி இந்தப் புரதம் மிகுதியாகச் சுரப்பதும் 1980களில் தெரிந்தது. அது பழுதுபார்க்கும் வேலையில் ஈடுபடுகிறது என்று கருதினர். இந்த நிலையில்தான், 1993இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர், முதுமையில் வரும் அல்சைமர் நோயாளிகளிடம் ஈ4 வகைப் புரதத்தைத் தரும் மரபணு மிகுந்து காணப்படுவதைக் கண்டறிந்தனர். கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதத்துக்கும் மறதிக்கும் தொடர்பா என்று பலர் நம்ப மறுத்தபோது, இருபது ஆண்டுகளாக அந்தப் புரதத்தோடு பழகியிருந்த மேலியின் குழு அடுத்த கேள்விக்கு ஆயத்தமாக இருந்தது.

ஈ4 எப்படிக் கெடுதல் செய்கிறது? மேலியும் அவருடைய கிளாட்ஸ்டோன் சகா யாடோங் ஹுவாங்கும் தரும் விளக்கம் இது: ஈ4-இன் இரு முனைப்பகுதிகள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்வதால் அதன் வடிவம் மாறுகிறது, நெருக்கடிக்கு உள்ளான நரம்பு செல் அதை உண்டாக்கும்போது செல்லுக்குள் உள்ள நொதி அதை வெட்டித் துண்டாக்குகிறது, அந்தத் துண்டுகள் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கின்றன. மூளையில் அமிலாய்டு என்னும் புரதப் படிவை ஈ4 சரியாக அகற்றாததுதான் முதன்மைக் காரணம் என்று கருதும் ஆய்வாளர்களும் பலர் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 2018இல் ஹுவாங் குழு, ஈ4-இன் வடிவத்தை ஈ3 போலத் திருத்தும் ஒரு சிறு மூலக்கூறைக் கொண்டு, ஆய்வகத்தில் வளர்த்த மனித நரம்பு செல்களின் கேடு குறைவதைக் காட்டியது. அது மருந்துக்கடைக்கு வந்துவிட்ட மாத்திரை அல்ல. ஆயினும் நம்பிக்கை தரும் வழி.

இப்புரதம் ஒரு பாலம் மட்டுமே. இதயத்துக்கும் மூளைக்கும் இன்னொரு நேரடி உறவு உண்டு, அது இரத்த ஓட்டம். உடல் உட்கொள்ளும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காய்கிறது. அதுபோல, உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் குழாய்களைக் கெடுக்கும்போது மூளையின் ஆழத்தில் முடியும் மிகச் சிறு குழாய்களைச் சார்ந்த பகுதிகளே முதலில் பட்டுப்போகின்றன. முதியவர்கள் பலரது மூளையில் அல்சைமர் மாற்றமும் இந்தக் குழாய்ச் சேதமும் சேர்ந்தே காணப்படுகின்றன. உங்கள் தந்தையிடமும் அப்படி இருக்கக்கூடும்.

ஆனால் அல்சைமர் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், கீழே விழுந்ததால் தலைக்குள் தேங்கிய இரத்தம் ஆகியவையும் இதே போன்ற மறதியைத் தரும். இவற்றைச் சரிசெய்ய முடியும். பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை படித்துறைக்கு அவரைத் தனியே அனுப்ப வேண்டாம். ஆனால் போகவே கூடாது என்று தடுக்கவும் வேண்டாம், யாராவது உடன் போகட்டும். அவருடைய சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டால் மறதி வரும் என்று சொல்லி என் கணவர் அதை நிறுத்திவிட்டார். அவருக்கு ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்திருக்கிறது. சர்க்கரை நோயும் உண்டு. சீனிக்குப் பதில் கருப்பட்டிதான் சேர்க்கிறோம். மாத்திரையை நிறுத்தியது சரியா?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: சரியில்லை, அம்மா. இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். ஸ்டேட்டின் என்னும் கொழுப்பு மாத்திரை எடுத்த சிலர் மறதி வந்ததாகச் சொன்னதை ஒட்டி, 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் குறிப்புத்தாளில் ஓர் எச்சரிக்கை சேர்த்தது உண்மை. அது தீவிரமற்றது, மாத்திரையை நிறுத்தினால் மறையக்கூடியது என்பதும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. செவிவழிச் செய்தியில் முதல் பாதி மட்டும் ஊர் சுற்றுகிறது. 20,536 பேரைச் சேர்த்து பிரிட்டனில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஸ்டேட்டின் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் சுமார் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு நினைவுச் சோதனையில் வேறுபாடு இல்லை. மாரடைப்பும் பக்கவாதமும் மட்டும் தெளிவாகக் குறைந்தன. அதே சமயம், அல்சைமரை ஸ்டேட்டின் குணப்படுத்தும் என்பதற்கும் சான்று இல்லை. அந்த நம்பிக்கையோடு எவரும் அதை எடுக்க வேண்டாம்.

கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நம் பக்கத்தில் இதை ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை, எனக்கும் அதன் சுவை பிடிக்கும். என்றாலும் உங்கள் கணவர் சீனியைப் போலவே அதையும் அளந்துதான் உண்ண வேண்டும்.

நடுவயதில் இவற்றைக் கட்டுப்படுத்துவதால் மூளைக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகிலுள்ள மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என மதிப்பிடுகிறது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, உடலுழைப்பின்மை ஆகியவை ஏற்கெனவே இருந்த அப்பட்டியலில் நடுவயதில் கூடும் கெட்ட கொழுப்பு அப்போதுதான் சேர்ந்தது. காது கேளாமையும் அதில் இருக்கிறது. பெரியவர்களின் செவித்திறனை நாம் கண்டுகொள்வதே இல்லை. அமெரிக்காவில் 9,000 பேருக்கு மேல் சேர்ந்த ஓர் ஆய்வில், இரத்த அழுத்தத்தின் மேல் அளவை 120க்குக் கீழ் வைத்தவர்களுக்கு மறதியின் தொடக்க நிலை சுமார் 19 விழுக்காடு குறைந்தது என்று 2019இல் தெரிந்தது. முழு மறதி நோயைப் பொறுத்தவரை அந்த ஆய்வு உறுதியான முடிவுக்கு வரவில்லை. வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் கொடுக்கும் அழுத்த மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒதுக்கி வைக்கும் வீடுகளை நினைத்தால் எனக்கு மிகுந்த வேதனை உண்டாகிறது.

கேள்வி: என் ஆச்சிக்கும் பெரியம்மாவுக்கும் மறதி நோய் இருந்தது. எனக்கு வயது 34. ஈ4 மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா? தங்கைக்கு வரன் பார்க்கிறோம், அதையும் நினைத்துக் கவலையாக இருக்கிறது.
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அறிகுறி எதுவும் இல்லாத உங்கள் வயதில் அது வேண்டாம் என்பதே என் கருத்து. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் ஈ4 வந்தால் அல்சைமருக்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இருவரிடமிருந்தும் வந்தால் எட்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் ஈ4 உள்ள பலர் கடைசிவரை தெளிவோடு வாழ்கிறார்கள். ஈ4 இல்லாத பலருக்கு நோய் வருகிறது. சோதனை முடிவு எதுவானாலும் இன்று உங்களுக்கு நான் சொல்லக்கூடியது மாறாது: நடை, அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் கவனம். 40, 50 வயதிலேயே குடும்பத்தில் பலருக்கு வரும் அல்சைமர் வேறு மரபணுக்களால் ஆனது. அப்படி இருந்தால் மட்டும் மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

தங்கையின் திருமணத்தில் இதைப் பேசுபொருளாக்க வேண்டியதில்லை. முதுமையில் வரக்கூடிய, வராமலும் போகக்கூடிய ஒன்றுக்காக ஓர் இளம்பெண்ணைத் தட்டிக்கழிப்பது நியாயமும் அல்ல, அறிவியலும் அல்ல.

இந்தச் சோதனை உண்மையில் பயன்படும் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவில் 2023இல் லெக்கனெமாப், 2024இல் டோனனெமாப் என இரு மருந்துகள் அல்சைமரின் தொடக்க நிலைக்கு ஒப்புதல் பெற்றன. அவை மூளையின் அமிலாய்டு படிவை அகற்றி, நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் அவற்றின் பக்கவிளைவு. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஈ4 பெற்றவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். எனவே அம்மருந்தைத் தொடங்கும் முன் அப்போ-ஈ சோதனை செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.