சேதுச் சாலையில் சைக்கிள்: கேட்டவையும் சொன்னவையும்

ராமநாதபுரம் கடற்கரையைச் சைக்கிளில் சுற்ற நினைக்கிறவர்கள் கொஞ்ச நாளாக என்னிடம் நிறையக் கேட்கிறார்கள். நான் ராமநாதபுரத்துக்காரன். பன்னிரண்டு வருடமாக இந்தச் சாலைகளில் மிதித்து வருகிறேன். வந்த கேள்விகளைச் சேர்த்து, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி): அண்ணே, நாங்கள் வால்பாறை, கோத்தகிரி என்று ஏறிப் பழகியவர்கள். உங்கள் ஊர் ஒரே தட்டை. நாலு நாள் ஓட்ட அங்கே என்ன இருக்கிறது?

மேடு இல்லை, உண்மைதான் தம்பி. மேட்டுக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது, அடுத்த திருப்பம் தாண்டினால் இறக்கம் வரும் என்ற நம்பிக்கையாவது இருக்கும். எதிர்காற்றில் அது கிடையாது. தனுஷ்கோடியிலிருந்து திரும்பும்போது கச்சான் என்கிற மேல்காற்று அடித்தால், தட்டைச் சாலையிலேயே சின்ன கியருக்கு இறங்க வேண்டியிருக்கும்.

ஆனால் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சாலைதான். ராமேஸ்வரத்துக்கு மக்கள் பல நூறு வருடம் நடந்தே போனார்கள். அவர்கள் தங்குவதற்காக ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரமும் மடமும் கட்டி வைத்தார்கள். மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம் என்று வரைபடத்தில் வரும் பெயர்களைப் பாருங்கள். ஊர்ப்பெயரே 'இங்கே உட்காரலாம்' என்கிறது. நடக்கிறவன் களைத்துப் போகும் தூரத்தில் ஒவ்வொரு ஊரும் வருகிறது. காரில் போனால் அந்தக் கணக்கு புரியாது, சைக்கிளில் போனால் காலுக்கே புரியும். அதனால்தான் ஒரே நாளில் ராமேஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

கேள்வி (திருச்சியிலிருந்து): எந்த மாதம் வரலாம்?

தை, மாசி. பங்குனி முதல் பாதி வரை தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயல் பயமும் உண்டு. சித்திரை வெயிலில் வேண்டவே வேண்டாம்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வடகிழக்குப் பருவத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். வைகாசிக்கு மேல் அப்படியே மாறிவிடும். சைக்கிள்காரனுக்கும் இந்தக் கணக்கே போதும். தை மாதம் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், தொண்டியில் தொடங்கித் தெற்கே இறங்கினால் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். தெற்கே தொடங்கி வடக்கே போனால் அதே காற்று மார்பில் வந்து இடிக்கும். ஆடியில் ராமேஸ்வரம் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், 'என்ன சுலபமாக இருக்கிறது' என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும்.

எந்த மாதமானாலும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் கடல்காற்றும் ஏறும்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை): நாலு நாள் இருக்கிறது. எப்படிப் பிரித்துக் கொள்ளலாம்? பழைய கட்டடங்கள் பார்ப்பதுதான் முக்கியம்.

அம்மா, நான் கூட்டிப் போகிற வழியைச் சொல்கிறேன். தூரமெல்லாம் தோராயம்.

முதல் நாள் தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கல் நட்ட நவபாஷாணம் அங்கே இருக்கிறது. ராமர் நட்டது என்பது ஊர் நம்பிக்கை. அங்கிருந்து ராமநாதபுரம் 15 கி.மீ. மொத்தம் 50 கி.மீ. போல வரும். மாலையில் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்தைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் சுவரெல்லாம் இருக்கின்றன. போர்க்களம், வேட்டை, அந்தப்புரம், ராமாயணம் என்று ஒரு சுவரையும் விடவில்லை. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

இரண்டாம் நாள் உத்தரகோசமங்கை. 'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அவ்வளவு பழைய ஊர் என்று நம்பிக்கை. மாணிக்கவாசகர் 'நீத்தல் விண்ணப்பம்' பாடிய தலம். மரகத நடராஜர் வருடம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள்தான் இருப்பார், மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பு களைவார்கள். அந்த நாளில் கூட்டம் தாங்காது, சைக்கிளோடு வர வேண்டாம். தலமரமான இலந்தையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். அப்புறம் ஏர்வாடி தர்கா, அங்கிருந்து 10 கி.மீ. போலக் கீழக்கரை. இரவு அங்கேயே தங்கலாம்.

மூன்றாம் நாள் திருப்புல்லாணி, சேதுக்கரை, பெரியபட்டினம். திருமங்கையாழ்வார் பாடிய திருப்புல்லாணியில் ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் இருக்கிறார். கடல் வழி விடக் காத்துக் கிடந்த இடம் என்று கதை. அந்தக் கடல் நாலைந்து கிலோமீட்டரில் சேதுக்கரையில் இருக்கிறது. கோயிலைப் பார்த்த கையோடு சைக்கிளில் அந்தக் கரைக்குப் போய் நின்றால் கதை வேறு மாதிரி மனதில் தங்கும். பெரியபட்டினத்திலிருந்து உள்சாலைகளில் ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு வடக்கே ஏறினால் ராமேஸ்வரம் நெடுஞ்சாலை வந்துவிடும். இரவு மண்டபம்.

நாலாம் நாள் பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி.

கேள்வி (அதே ஆசிரியை): இவற்றில் உண்மையிலேயே இடைக்காலத்தைச் சேர்ந்தவை எவை?

நல்ல கேள்வி. எல்லாவற்றையும் 'ஆயிரம் வருடக் கோயில்' என்று சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

தலங்கள் பழையவை. ராமேஸ்வரத்தை அப்பரும் சம்பந்தரும் 7ஆம் நூற்றாண்டில் பாடியிருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் படம் எடுக்கிற மூன்றாம் பிரகாரம், அந்த 1,212 தூண்களும், 18ஆம் நூற்றாண்டுச் சேதுபதிகள் காலத்து வேலை. பிந்தியது என்பதால் மதிப்புக் குறையவில்லை, வயதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

இடைக்காலத்தைக் கையால் தொட வேண்டுமென்றால் பெரியபட்டினம் போங்கள். பார்க்க ஒரு கட்டடமும் இல்லை, சாதாரணக் கடலோர ஊர். ஆனால் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாட்டின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 1980களில் இங்கே நடந்த ஆய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. சீனாவிலிருந்து கப்பலில் வந்த கிண்ணம் உடைந்து இந்த மண்ணில் கிடந்திருக்கிறது. தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான்.

அடுத்தது கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளிவாசல். உள்ளே பார்த்தால் கல்தூண்களும் அவற்றின் தலைப்பகுதியான போதிகையும் கோயில் மண்டபம் போலவே இருக்கும். சிற்பத்தில் உருவங்கள் மட்டும் இருக்காது. பூவும் கொடியும் கோலம் போன்ற வடிவங்களும் இருக்கும். கோயில் கட்டத் தெரிந்த கைகளே பள்ளிவாசலையும் கட்டின என்பது அந்தத் தூண்களைப் பார்த்தாலே தெரிகிறது. 'செத்தும் கொடுத்த சீதக்காதி' அடங்கியிருப்பதும் கீழக்கரையில்தான். அவர் 17ஆம் நூற்றாண்டு, கிழவன் சேதுபதி காலத்தவர். தொழுகை நேரம் தவிர்த்துப் போய், அங்கே இருக்கும் பெரியவரிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். பெண்கள் எதுவரை வரலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக் கொள்வது மரியாதை. வெளியே வந்ததும் கீழக்கரைத் தொதல் வாங்கிப் பையில் போடுங்கள். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்ந்தது, ஒரு துண்டு வாயில் போட்டால் பத்து கிலோமீட்டருக்குத் தாங்கும்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு தம்பி): பஞ்சர் அதிகம் ஆகும் என்கிறார்களே?

ஆகும். காரணம் சீமைக்கருவேலம். சாலையோரம் முழுக்க அதுதான். விறகு ஏற்றிய வண்டி போன வழியில் முள் சிந்திக் கிடக்கும். ஆட்டுக்காரர்கள் கிளை இழுத்துப் போன இடத்திலும் கிடக்கும். தார்ச் சாலையின் ஓரத்தை விட்டு ஒரு முழம் உள்ளே தள்ளி ஓட்டுங்கள்.

ஒரு தடவை தேவிபட்டினம் தாண்டிப் பஞ்சர். டியூப் மாற்றினேன், இரண்டு கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கிவிட்டது. இன்னொரு டியூப் போட்டேன், அதுவும் போனது. முள்ளின் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே நின்றிருக்கிறது. விரலால் தடவியும் எனக்குத் தட்டுப்படவில்லை. அந்த வழியாக ஆடு ஓட்டிவந்த பெரியவர் டயரை வாங்கி உள்பக்கம் வெளியே வரும்படி மடித்தார். அரைஞாண் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியை எடுத்து ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். காலில் தைத்த முள்ளை எடுத்துப் பழகிய கை. அன்றிலிருந்து என் பையில் டயரைக் கழற்றும் லிவரோடு ஒரு முள்வாங்கியும் இருக்கிறது. கிராமத்துச் சந்தையில் கிடைக்கும், கண்டிப்பாக வாங்குங்கள்.

மற்றபடி உதிரி டியூப் இரண்டு, ஒட்டுச் சாமான், கைப்பம்பு, முடிந்தால் ஓட்டையை அடைக்க டியூபுக்குள் ஊற்றும் சீலண்ட். நிற்கும்போதெல்லாம் டயரைச் சுற்றிப் பாருங்கள். தைத்த முள் டியூபைத் தொட ஒன்றிரண்டு கிலோமீட்டர் பிடிக்கும், அதற்குள் பிடுங்கிவிட்டால் பிழைத்தீர்கள்.

செயினையும் மறக்க வேண்டாம். உப்புக்காற்று ஒரே இரவில் துரு ஏற்றிவிடும். தினமும் இரவு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் விடுங்கள்.

கேள்வி (பெங்களூரிலிருந்து): பாம்பன் பாலத்தில் சைக்கிள் ஓட்டலாமா?

ஓட்டலாம், அனுமதி உண்டு. ஆனால் இறங்கித் தள்ளுங்கள் என்பேன். 1988இல் திறந்த சாலைப் பாலம் இது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். வேடிக்கை பார்க்க வண்டிகளை நிறுத்தி விடுவார்கள், பக்கக்காற்று தூக்கும், பாலத் துண்டுகள் சேரும் இடத்தில் உள்ள இரும்பு மழைத் தூறலில் வழுக்கும். தள்ளிப் போனால் பக்கத்தில் ரயில் பாலத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். 1914இல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பும் புதுப் பாலம் அது. இந்தச் சாலைப் பாலம் வரும் வரை தீவுக்கு ரயிலோ படகோதான்.

கேள்வி: தனுஷ்கோடி கடைசி வரை போகலாமா?

அரிச்சல்முனை வரை தார்ச் சாலை. ராமேஸ்வரத்திலிருந்து 20 கி.மீ. போல. காலையிலேயே போய்விடுங்கள், இருட்டும் முன் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிழல் இல்லை, சாலை ஓரத்தில் மணல் ஏறிக் கிடக்கும், அதில் சக்கரம் விட்டால் விழுவீர்கள். குடிக்க ஆளுக்கு மூன்று லிட்டர் கையில் வேண்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையமும் வழியில் இருக்கின்றன. சுவர் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். அங்கே இறந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் இந்தத் தீவில் இருக்கின்றன.

கேள்வி (சேலத்திலிருந்து): கோயிலுக்குள் சைக்கிள் உடையில் விடுவார்களா?

இறுக்கமான கால்சட்டையோடு போக வேண்டாம். ஒரு வேட்டி, ஒரு துண்டு. பெண்கள் ஒரு பாவாடையோ சேலையோ வைத்துக் கொள்ளலாம். தர்காவில் தலையை மூட அதே துண்டு போதும். கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், பதினொரு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

கேள்வி (முதலில் கேட்ட கோவைத் தம்பி): அண்ணே, மனது கேட்கவில்லை. கொஞ்சமாவது ஏற்றம் வேண்டும்.

சரி, அப்படியானால் தொடங்கும் இடத்தை மாற்றிக் கொள்ளுங்கள். இரண்டு நாள் கூட்டிக்கொண்டு திருமயத்தில் தொடங்குங்கள். பாறைமேல் நிற்கும் அந்தக் கோட்டை சேதுபதி காலத்தில், 1687இல் கட்டியது. அடியில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைகள். எங்கள் சீமையின் கை அதுவரை நீண்டிருந்தது என்பது அங்கே நின்றால் புரியும். அப்புறம் காரைக்குடிக்கு வந்து, பக்கத்தில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. இரண்டிலும் பாறையைக் குடைந்த பழைய கோயில் உண்டு. கால் இன்னும் கேட்டால் மேற்கே சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை. சம்பந்தர் கொடுங்குன்றம் என்று பாடியதும், பாரியின் பறம்பு என்று சொல்வதும் அதுதான். மலைமேல் போக சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு நடக்க வேண்டும். பிறகு தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு இறங்கிவிடலாம். திருவாடானைக் கோயிலும் சம்பந்தர் பாடியது. பாறையிலிருந்து செம்மண், செம்மண்ணிலிருந்து கண்மாய், கண்மாயிலிருந்து பனங்காடு, அப்புறம் கடல் என்று மண் மாறிக்கொண்டே வருவதைச் சக்கரத்தில் உணரலாம்.

கேள்வி (பரமக்குடியிலிருந்து ஒரு பெரியவர்): எனக்கு 63 வயது. கியர் இல்லாத பழைய சைக்கிள்தான். என்னால் முடியுமா தம்பி?

முடியும் ஐயா. கீழக்கரைச் சாலையில் விடியற்காலையில் பாருங்கள், உங்கள் வயதுக்காரர்கள் பின்னால் மீன் பெட்டி கட்டிக்கொண்டு கியரில்லாத சைக்கிளில்தான் போகிறார்கள். நாலு நாள் பயணத்தை இப்போது நினைக்க வேண்டாம். ராமநாதபுரம் வரை பஸ்ஸில் வந்துவிடுங்கள், சைக்கிள் என்னிடம் இன்னொன்று இருக்கிறது. திருப்புல்லாணி 10 கி.மீ.தான். ஐந்தரைக்குக் கிளம்பினால் கோயிலைப் பார்த்து, தை மாசியென்றால் வழியில் அவித்த பனங்கிழங்கு வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். நானும் கூட வருகிறேன்.