பழைய டேனிஷ் சைட்போர்டும் நாற்காலிகளும்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: டென்மார்க்கில் பழம்பொருள் கடையொன்றில் 1960களைச் சேர்ந்த தேக்கு சைட்போர்டும் (கதவுகள் வைத்த நீண்ட, தாழ்வான அலமாரி), இருக்கையின் கயிற்றுப் பின்னல் அறுந்து, மூட்டுகளும் லேசாக ஆடும் நான்கு நாற்காலிகளும் விலைக்கு வந்துள்ளன. சைட்போர்டின் மேல் வெள்ளை வளையங்களும் கீறல்களும் தெரிகின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் புதிதாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அவர் சொன்ன வைத்தியத்தைச் செய்துவிடாதீர்கள். அக்காலத்து டேனிஷ் சைட்போர்டுகளில் கால்களும் விளிம்புகளும் முழுத் தேக்காக இருந்தாலும், மேற்பலகையும் கதவுகளும் பெரும்பாலும் வேறு பலகையின் மீது ஒட்டிய மெல்லிய தேக்குத் தகடுதான். அதன் கனம் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், மின்தேய்ப்பான் ஓரிடத்தில் சற்றுக் கூடுதலாக நின்றாலே தகடு தேய்ந்து அடிப்பலகை வெளிறிய திட்டாகத் தெரியும். அதற்குப் பின் அந்தப் பரப்பையே மாற்றுவதைத் தவிர நல்ல வழியில்லை. ஆகவே விளிம்புகளையும் மூலைகளையும் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். யாராவது ஏற்கெனவே தேய்த்து ஓட்டையாக்கியிருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வெள்ளை வளையம் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும் கறைதான். மிக நுண்ணிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் தோய்த்து, மரத்தின் ரேகைப் போக்கிலேயே மென்மையாகத் தேய்த்தால் பலசமயம் மறைந்துவிடும். (ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துங்கள்.)

நாற்காலிகளில் முதலில் கவனிக்க வேண்டியது மூட்டுகளை. பழைய வஜ்ஜிரப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும் என்பதால், தச்சர் மூட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் ஒட்டிவிடலாம். முன்பு யாரோ ஆணியோ, எளிதில் இளகாத எப்பாக்சி பசையோ வைத்து ‘சரிசெய்த’ நாற்காலிதான் உண்மையான தலைவலி. மூட்டு உறுதியான பிறகே இருக்கையைப் பின்ன வேண்டும். இத்தகைய நாற்காலிகளில் வரும் காகிதக் கயிற்றுப் (முறுக்கிய காகிதத்தால் ஆன கயிறு) பின்னலுக்குப் பொருளைவிடக் கூலிதான் அதிகம்: டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த, முதுகில் ‘Y’ வடிவம் கொண்ட ஒய் நாற்காலி ஒன்றின் இருக்கைக்கே சுமார் 120 மீட்டர் கயிறு பிடிக்கிறது. ஆகவே பின்னுபவரிடம் கூலி கேட்டு, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

அடியில் ‘டேனிஷ் பர்னிச்சர் மேக்கர்ஸ் கண்ட்ரோல்’ என்ற முத்திரை இருந்தால் அது தரச்சான்று மட்டுமே. புகழ்பெற்ற வடிவமைப்பாளர் செய்தது என்பதற்கு அது ஆதாரமாகாது. அதைக் காட்டி விலையேற்ற விடாதீர்கள்.

கேள்வி: அதே கடையில் பிரேசில் ரோஸ்வுட் மேசை ஒன்றும் உள்ளது. பிறகு ஊருக்கு எடுத்துச் செல்ல இயலுமா?

பதில்: அந்த மரம் 1992 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் (அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் உள்ளது. பழைய மேசையானாலும் தடைக்கு முந்தைய மரம் என்பதற்கான சான்றிதழ் இல்லாமல் எல்லை கடந்தால் பறிமுதல் ஆகலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அதை விற்பதற்கும் சான்றிதழ் தேவை. 1947க்கு முன் செய்த பொருள்களுக்கு உள்ள விலக்கு 1960களின் மேசைக்குப் பொருந்தாது. சான்றிதழைக் கண்ணால் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.