கொக்குக்கு வெட்டிய குளம்

வணக்கம் சார்,

நாங்கள் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்குப் பின்னால் பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினோம். பையனின் பிடிவாதம். பொன்மீன் பன்னிரண்டு, கோய் என்கிற வண்ணக் கெண்டை நான்கு வாங்கிவிட்டோம். பாசியைத் தின்று சுத்தமாக வைக்கும் என்று கடைக்காரர் சொன்னதால் டேங்க் கிளீனர் இரண்டு. ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தது. பிறகு காலையில் எண்ணினால் ஒன்று குறையும், இன்னொரு நாள் இரண்டு குறையும். ஒருநாள் விடியலில் பார்த்தால் தொட்டிச் சுவரில் கொக்கு. ஐப்பசி மழையில் தவளைகள் வந்தன. இரவெல்லாம் கத்தல். பக்கத்து வீட்டு அக்கா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் தவளையைக் கவ்வியபடி ஒரு பாம்பு, உடம்பெல்லாம் சதுரங்கக் கட்டம் போல. மண்ணைக் கொட்டி மூடு என்கிறார் மாமியார். கொசு மருந்து அடிக்க வருகிறவர்களும் முறைக்கிறார்கள். மீன் வளர்க்கக் குளம் வெட்டினேன் சார், மீனைத் தவிர மற்ற எல்லாம் வந்துவிட்டது.

இப்போது மிச்சம் பொன்மீன் மூன்று, கோய் ஒன்று. டேங்க் கிளீனர் மட்டும் இரண்டும் ஒரு அடிக்கு மேல் வளர்ந்து ஜம்மென்று இருக்கின்றன. வலை கட்டுவதா, மூடிவிடுவதா? மூடுவதென்றால் மீன்களை மூக்கனேரியில் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். கொல்ல மனசு வரவில்லை.

எஸ்., கன்னங்குறிச்சி

அன்புள்ள எஸ்.,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த வரிதான் என்னை உடனே உட்கார்ந்து எழுத வைத்தது. கொக்கும் பாம்பும் காத்திருக்கட்டும். மூக்கனேரியில் விடாதீர்கள். பொன்மீனையும் விட வேண்டாம், கோயையும் விட வேண்டாம், டேங்க் கிளீனரை விடவே வேண்டாம்.

அது தென்னமெரிக்க ஆறுகளின் மீன். கையில் எடுத்துப் பார்த்திருந்தால் தெரியும், செதிலுக்குப் பதிலாக உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்புக்கு முன்னால் முள். நம் ஊர்க் கொக்கும் நீர்க்காகமும் அதை விழுங்க முயன்றால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். தண்ணீரில் மூச்சுக்காற்று குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு கீழே போய்விடும், அதனால் சாக்கடை கலந்த ஏரியிலும் சாகாது. முட்டையிடக் கரையில் வளை தோண்டும். தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் இது புகுந்துவிட்டது. வலை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வலையைக் கிழிக்கிறது, விலைக்கும் போகவில்லை என்று திட்டுவார்கள். இவையெல்லாம் அமேசானிலிருந்து நீந்தி வரவில்லை. கொல்ல மனசு வராத யாரோ ஒருவர் வாளியோடு கரைக்கு வந்திருக்கிறார்.

மூக்கனேரி உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, அள்ளிய மண்ணையே நடுவில் திட்டுத் திட்டாகக் குவித்து மரக்கன்று நட்ட ஏரி அது. இன்று அந்தத் திட்டுகளில்தான் கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. வளை தோண்டும் மீனுக்கு மண் திட்டைக் காட்டுகிறீர்களே.

ஏரியில் ஏற்கெனவே ஜிலேபி மீன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆப்பிரிக்க மீனான அது 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுகிற மீன், அதனால் எங்கே விட்டாலும் பெருகும். இன்று நம் பிள்ளைகள் அதை மேட்டூர் மீன் என்றே நினைக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தார்கள், அது இன்னமும் சந்தையில் தட்டுப்படுகிறது. ஏரியில் இறங்கிய மீனை எந்தச் சட்டத்தாலும் திரும்ப எடுக்க முடிந்ததில்லை.

சரி, அந்த இரண்டையும் என்ன செய்வது? வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், பெரிய கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அவர்களே கைமாற்றிவிடுவார்கள். வாங்க மறுத்தால் உங்கள் தொட்டியிலேயே இருக்கட்டும். பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன், பையன் கல்லூரிக்குப் போகும்வரை இருக்கும். அதுவும் முடியாதென்றால் ஒரே வழிதான். ஒரு வாளித் தண்ணீரில் கிராம்பு எண்ணெயை நன்றாகக் குலுக்கிக் கலந்து அதில் விட்டால் மயங்கும், நெடுநேரம் அப்படியே விட்டால் மூச்சு நிற்கும். கண்ணுக்கு முன்னால் இரண்டு மீன் சாவது வருத்தம்தான். வாளியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தால் வருத்தம் இருக்காது, ஏனென்றால் பிறகு அங்கே நடப்பதை நாம் பார்க்கப் போவதில்லை.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பழைய கல்தொட்டி இருக்கிறது. ஒரு வருடம் கொசு அதிகமென்று, கொசுப்புழு தின்னும் மீன் என்று இலவசமாகக் கொடுத்த கம்பூசியாவை ஒரு பாட்டிலில் வாங்கி வந்து விட்டேன். 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்த அமெரிக்க மீன் அது. முட்டை இடாது, நேராகக் குட்டி போடும். இருபது மீன் இரண்டே மாதத்தில் எண்ண முடியாத கூட்டமாயிற்று. கொசு குறைந்தது உண்மை. அந்த மழைக்காலத்தில் வழக்கம்போல் குளியலறைச் சுவர்த் தேரை வந்து தொட்டிக்கு மேலே சுவரில் நுரைக்கூடு கட்டியது. பெண் தேரை பின்னங்கால்களால் அடித்து அடித்துச் சோப்பு நுரை போல ஆக்கி அதற்குள் முட்டையிடும். சில நாளில் நுரை இளகித் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். விழுந்தன. கம்பூசியாக்கள் ஒவ்வொன்றாக வாலைக் கடித்தன. வால் இல்லாத தலைப்பிரட்டைகள் வட்டமடித்துக் கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மழைக்காலம் எங்கள் வீட்டில் தேரைக்குஞ்சு இல்லை. மூன்றாவது வருடம் சித்திரையில் தொட்டியை வடித்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். வடித்த தண்ணீரைத் தென்னைக்குத்தான் ஊற்றினேன், வாய்க்காலில் விடவில்லை. அந்த அளவுக்காவது புத்தி இருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஐப்பசியில் தவளைகள் ஏரியை விட்டுவிட்டு மழைக்குட்டையைத் தேடுவது, குட்டையில் மீன் இருக்காது என்பதால்தான். வருடத்தில் சில மாதம் காய்ந்து கிடக்கிற குட்டை அதற்கு வரம். காயாத தண்ணீரும் பெரிய மீனும் இருக்கும் இடத்தில் தலைப்பிரட்டை பிழைப்பது கஷ்டம். தேரையில் கரடுமுரடான தோல் உள்ள பெரிய வகையின் தலைப்பிரட்டைகள் மட்டும் கறுகறுவென்று கூட்டமாகத் தைரியமாகத் திரியும், வாயில் போட்டால் கசக்கும் என்பதால் மீன் துப்பிவிடும். ஆகவே உங்கள் தொட்டியில் இத்தனை தவளை வந்திருப்பதற்கு உங்கள் கொக்குக்கும் பங்கு உண்டு. அது மீனைக் குறைத்தது, தவளைக்கு இடம் கிடைத்தது, தவளையைத் தேடிப் பாம்பு வந்தது.

கொக்கு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது அநேகமாகக் குருட்டுக்கொக்கு. உட்கார்ந்திருந்தால் சேற்று நிறம், பறக்கும்போதுதான் சிறகின் வெள்ளை பளிச்சென்று தெரியும், அதுவரை அங்கே இருப்பதே தெரியாது. ஆற்று மீனின் முதுகைக் கவனித்திருக்கிறீர்களா? மேலிருந்து பார்த்தால் தண்ணீரோடு தண்ணீராகிவிடும் இருண்ட முதுகு. நாமோ மேலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகச் சிவப்பும் பொன்னுமாகப் பொறுக்கி வளர்த்த மீனை வாங்கி, ஒளிய இடமே இல்லாத வெற்றுத் தொட்டியில் விடுகிறோம். நம் கண்ணுக்குத் தெரிவது கொக்கின் கண்ணுக்கும் தெரியும்.

ஆனாலும் குறைந்த மீனையெல்லாம் கொக்கின் கணக்கில் எழுதாதீர்கள். வளர்ந்த டேங்க் கிளீனர் இரவில் மந்தமாக நிற்கும் பொன்மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்பை உறிஞ்சும். புண்ணாகிச் செத்த மீனை அதுவே தின்றுவிடும். உங்கள் தொட்டி கொள்வது சுமார் 3,400 லிட்டர். கேட்கப் பெரிதாக இருந்தாலும் இரண்டடி வரை வளரக்கூடிய கோய் நான்குக்கு அது போதாது. சேலத்து வெயில் வேறு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைத்திருந்தால் 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். பாசியும் இரவில் மூச்சு விடுவதால் விடியற்காலையில்தான் இருப்பு மிகக் குறையும். அந்நேரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கொக்கு வரும் நேரமும் அதுதான். மேட்டூர்த் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராகத் திறந்துவிடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். குளோரின் போக ஒருநாள் வாளியில் வைத்து ஊற்றுங்கள்.

நைலான் வலை வேண்டாம். பாம்பு அதில் செதில் மாட்டி வெயிலில் துடித்துச் சாகும், பறவையும் மாட்டும். வெல்டிங் கடையில் இரண்டு அங்குலக் கட்டத்தில் ஒரு கம்பிச் சட்டம் செய்து தண்ணீருக்கு ஒரு சாண் மேலே படுக்கப் போடுங்கள். கொக்கு தண்ணீரில் இறங்கி நிற்க முடியாது, தவளையும் தட்டானும் போய்வரும். இரண்டடித் தண்ணீர் தவழும் குழந்தைக்கு ஆபத்து என்பதால் உறவுக்காரர்கள் வரும் நாளுக்கும் அது நல்லது. உள்ளே உடைந்த பானை இரண்டு, ஓட்டுச் சில்லு, ஒரு ஜாடியில் அல்லி. பாதித் தண்ணீரை இலை மூடினால் போதும். ஒரு மூலையில் கருங்கல்லைச் சாய்த்து வையுங்கள், விழுந்த அணிலும் தவளைக்குஞ்சும் ஏறி வரட்டும். செங்குத்தான சிமெண்ட் சுவர் அவற்றுக்குக் கிணறு மாதிரி.

பாம்பு: சதுரங்கக் கட்டம், கண்ணருகே சாய்ந்த இரண்டு கருங்கோடு என்றால் அது தண்ணீர்ப்பாம்பு. விஷம் இல்லை, கையில் பிடித்தால் மட்டும் ஆத்திரத்தோடு கடிக்கும். என் கடிதத்தை நம்பி யாரும் பிடிக்கப் போக வேண்டாம். சங்கிலி கோர்த்தாற்போல் வட்டங்கள் இருந்தால் அது கண்ணாடி விரியன். சந்தேகமாக இருந்தால் தூர நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். எதுவாயினும் கடித்துவிட்டால் கட்டு, கீறல், மந்திரம் எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை. மாமியாருக்கு ஒரு வார்த்தை: நல்லபாம்பை வீட்டுக்கு அழைப்பது எலி. தொட்டியை மூடுவதற்கு முன் பின்பக்கம் குவித்திருக்கும் செங்கல்லையும் தென்னை மட்டையையும் அப்புறப்படுத்துங்கள். இருக்கும் என்று எனக்குத் தெரியும், நம் தெருவில் எந்த வீட்டில் இல்லை?

கொசுவுக்கு உங்கள் தொட்டி காரணமாக இருக்காது. மருந்து அடிக்க வருகிறவர் அடுத்த முறை வரும்போது ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு காட்டுங்கள். புழு நெளிகிறதா என்று இருவருமே பார்க்கலாம். மீனும், தட்டானின் நீர்க்குஞ்சும் இருக்கிற தண்ணீரில் கொசுப்புழு தேறுவது அரிது. டெங்கு கொசுவுக்கு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, அங்கே தேடச் சொல்லுங்கள்.

தவளைச் சத்தத்துக்கு என்னிடம் மருந்தில்லை. கத்துவதெல்லாம் ஆண் தவளைகள், பெண் கிடைத்ததும் அடங்கிவிடும். மழை நின்று சில வாரத்தில் பக்கத்து வீட்டு அக்கா பேசுவார். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கும் என் நண்பரின் குட்டைக்கு இரவில் காட்டுமாடு தண்ணீர் குடிக்க வருகிறது. காலையில் போய்ப் பார்த்தால் கரை பாதி சரிந்திருக்கும், காப்பிச் செடி நாலு சாய்ந்திருக்கும். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள்.

மூட வேண்டாம். மூன்று பொன்மீனும் ஒரு கோயும் அந்தத் தண்ணீருக்குச் சரியான கூட்டம், இனி சேர்க்காதீர்கள். பையன் கலகலப்பு வேண்டும் என்று அழுதால், எங்கள் கல்தொட்டியில் இப்போது தலையில் வெள்ளிப்பொட்டு வைத்த குட்டி மீன் நிறைய இருக்கிறது. வயல் வாய்க்காலில் சாதாரணமாகப் பார்க்கிற நம் ஊர் மீன்தான். தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரிந்து கொசுப்புழுவைப் பொறுக்கும், எங்கள் தேரைக் குஞ்சுகளை அது துரத்தி நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனை அழைத்துக்கொண்டு வாருங்கள், பத்து மீன் தருகிறேன். மூடி உள்ள பாத்திரமாக எடுத்து வாருங்கள், அது துள்ளும். டேங்க் கிளீனரை மட்டும் அந்தப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.