2017-இல் வாங்கிய டிப்ளமேட் சான்றுக்கு (அமெரிக்காவில் கால்நடை மருத்துவர் ஒரு சிறப்புத்துறையில் பெறும் நிபுணர் சான்று) மறுசான்று, அதாவது புதுப்பித்தல், உண்டா?

உண்டு. உங்கள் சீனியர் "என்னிடம் யாரும் கேட்கவில்லையே" என்றது பொய்யில்லை, ஆனால் அவர் சான்று 2012-ஐச் சேர்ந்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் சிறப்புத்துறை வாரியம், 2016 முதல் தரப்படும் சான்றுகளுக்கு அதிகபட்சம் 10 ஆண்டு என்று கெடு வைத்தது. நீங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

அத்தனை மாநாட்டுக்குப் போயும் மறுசான்றுக்கான புள்ளி ஏறவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் வகை உச்சவரம்புதான் காரணமாக இருக்கும். மாநாடு, கட்டுரை, பயிற்சி மருத்துவருக்கு வழிகாட்டுவது, தேர்வுக்குக் கேள்வி எழுதுவது என்று பல கல்லூரிகள் வகை பிரித்து, ஒரு வகையில் இவ்வளவுக்கு மேல் எண்ணுவதில்லை. (கல்லூரி என்றால் இங்கே கட்டடம் இல்லை, டிப்ளமேட்டுகளின் அமைப்பு. புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான்.)

இப்போது செய்ய வேண்டியது:

1. சான்றிதழில் அச்சாகியிருக்கும் தேதியைப் பாருங்கள். தேர்வில் தேறிய தேதியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.
2. உங்கள் கணக்கில் வகைவாரிக் கூட்டலைத் திறந்து, எது நிரம்பிவிட்டது என்று பாருங்கள். கேள்வி எழுதும் வகை காலியாக இருந்தால் தேர்வுக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அங்கே ஆள் தேவைப்படலாம்.

அப்புறம், ஆண்டுச் சந்தா வேறு, மறுசான்று வேறு. ரசீது இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஐரோப்பிய நண்பர் சொல்வதையும் அப்படியே எடுக்க வேண்டாம், அங்கே 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. புள்ளி கணக்கிடும் விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், உங்கள் கல்லூரியின் விதிநூலில் இருப்பதே செல்லும்.